தராசுக்கும் திரைக்கும் நடுவே

செம்பனைப் பழக்குலை ஏற்றிவரும் லோரிகளை எடைபோடும் நிலையங்களுக்கு நிரல் எழுதுவதுதான் என் பிழைப்பு. நெகிரி செம்பிலானில் இந்தத் தொழிலுக்குப் பஞ்சமில்லை. கித்தா மரம் போன இடத்தில் பாதி செம்பனையானது, மீதி தொழிற்சாலையும் தாமானும் ஆனது. செனாவாங்கைச் சுற்றி மூன்றையும் பார்க்கலாம். எங்கள் அலுவலகம் தொழிற்பேட்டையில் ஒரு டயர் கடையின் மேல்மாடி. கீழே காற்றடிக்கும் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். மேலே நாங்கள் நான்கைந்து பேர், ஒரு சீனத் தவுக்கே, எப்போதும் கோளாறு செய்யும் ஒரு ஏர்கான்.

லோரி ஆலைக்குள் நுழையும்போது ஒரு தடவை எடைமேடையில் ஏறும். குலையைக் கொட்டிவிட்டு வெளியேறும்போது இன்னொரு தடவை ஏறும். முதல் எடையில் இரண்டாவதைக் கழித்தால் கிடைப்பது குலையின் எடை. தோட்டத்துக்கும் பத்து ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரருக்கும் அந்த ஒரு எண்ணைப் பார்த்துத்தான் வெள்ளி போகிறது.

என் அம்மா பால் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய், நிரையை வெட்டி முடித்து, மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாவில் தூக்கிக்கொண்டு நிறுக்கும் இடத்துக்கு வருவார். அங்கே எடையோடு விஷயம் முடியாது. மெட்ரோலாக் என்ற மிதவையைப் பாலுக்குள் விட்டு, அது எவ்வளவு மூழ்குகிறது என்று பார்ப்பார்கள். பாலில் உலர்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்பதை அது காட்டும். நூறு கிலோ பாலில் முப்பது, நாற்பது கிலோதான் ரப்பர், மீதியெல்லாம் தண்ணீர். கூலி அந்த விழுக்காட்டோடு சேர்த்துக் கணக்கிடப்படும். மிதவையைப் பார்த்துச் சொல்பவர் கிராணி, செக்ரோலில் எழுதுபவரும் கிராணி. அவர் வாய்விட்டுச் சொன்னதும் தாளில் எழுதியதும் ஒன்றுதானா என்று கேட்க, எழுத்து தெரியாதவர்களுக்கு வழியே இல்லை.

எடைநிலைய வேலையில் நான் சேர்ந்த புதிதில், கணினி எப்படி லோரியை நிறுக்கிறது என்று அம்மாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “நம்பர யாருடா எழுதறது? தராசா, கிராணியா?”

“தராசே எழுதும்மா” என்றேன். அந்தப் பதிலை மெய்யாக வைத்திருக்கத்தான் பிற்பாடு நான் ரஸ்ட் என்ற நிரல்மொழியைப் படிக்க வேண்டியிருந்தது.

எடைமேடைக்கு அடியில் லோட்செல் எனப்படும் உணரிகள் இருக்கின்றன. அவை தரும் மின்னழுத்தத்தை எண்ணாக்கி ஒரு பெட்டி காட்டும். அதை இண்டிகேட்டர் என்போம். அதன் பின்புறத்தில் ஆர்எஸ்-232 என்ற பழைய சீரியல் துளை இருக்கும். அதிலிருந்து கேபிள் கணினிக்கு வரும். பெட்டி ஓயாமல் எழுத்துகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். பல இண்டிகேட்டர்களில் ஒவ்வொரு வரியும் இரண்டு குறிகளோடு தொடங்கும்: எஸ்டி என்றால் எடை நிலைத்துவிட்டது, யூஎஸ் என்றால் இன்னும் ஆடுகிறது; அடுத்து ஜிஎஸ் என்றால் மொத்த எடை. பிறகு கூட்டல் குறி, எண், கிலோ. லோரி மேடையில் ஏறி நின்றதும் யூஎஸ், யூஎஸ் என்று வரிசையாக வரும். ஓட்டுநர் எஞ்சினை அணைத்து, வண்டியின் ஆட்டம் அடங்கிய பிறகுதான் எஸ்டி வரும். எஸ்டி வராமல் எடையைப் பதியக்கூடாது. மலேசியாவில் வியாபாரத் தராசுகள் 1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்துக்கு உட்பட்டவை. அதிகாரி வந்து சோதித்து முத்திரை குத்துவது அந்தப் பெட்டியோடு நின்றுவிடும். கேபிளுக்கு இந்தப் பக்கம் எங்கள் பொறுப்பு.

எங்கள் நிரல் ஓடியது நோட்.ஜேஎஸ்ஸில். 2009இல் ரயன் டால் அதை வெளியிட்டபோது, அதுவரை பெரும்பாலும் உலாவிக்குள் இருந்த ஜாவாஸ்கிரிப்ட் வெளியே வந்து சர்வரிலும் மேசைக் கணினியிலும் ஓடத் தொடங்கியது. உள்ளே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவது குரோம் உலாவிக்காகக் கூகுள் எழுதிய வி8 எஞ்சின். கோப்பு, வலைத்தொடர்பு எல்லாம் நோட்டோடு கூடவே வரும். சீரியல் போர்ட் வராது. அதைத் தொட வேண்டுமானால் இயங்குதளத்தோடு நேராகப் பேசத் தெரிந்த மொழியில் ஒரு துண்டை எழுதி, நோட் ஓடும்போது அதை உள்ளே ஏற்ற வேண்டும். அதற்குத்தான் நேட்டிவ் மாட்யூல் என்று பெயர். கோப்பின் பின்னொட்டு ‘.நோட்’ என்றிருந்தாலும் விண்டோஸில் அது வெறும் டிஎல்எல்தான்.

ஆரம்ப காலத்தில் அதை சி++இல் எழுதுவார்கள், வி8இன் உள் உறுப்புகளையே நேரடியாகத் தொட்டு. வி8 குழுவினர் குரோமுக்காக வேலை செய்பவர்கள். உள்ளமைப்பைத் தங்கள் தேவைக்கு மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் உலகத்தில் இருக்கிற நேட்டிவ் மாட்யூல் எல்லாம் படுத்துவிடும். அதைச் சமாளிக்க 2013இல் நான் என்ற இடைப்பூச்சு வந்தது (நம்ம ‘நான்’ இல்லை, ஆங்கில முதலெழுத்துகள்). அது வந்தும் மறுபடி கம்பைல் செய்யும் வேலை போகவில்லை. நோட் 8இல் கட்டிய மாட்யூலை நோட் 10இல் ஏற்றினால், இது 57க்குக் கட்டியது, எனக்கு 64 வேண்டும் என்று ஒரு பிழைச்செய்தி வந்து நிற்கும். மறுபடி கட்டுவதற்கு நோட்-ஜிப் என்ற கருவி. அதற்கு அப்போது பைத்தான் 2 வேண்டியிருந்தது, விஷுவல் ஸ்டூடியோவின் கம்பைலரும் வேண்டியிருந்தது. அலுவலகத்தில் இதெல்லாம் சரி. செம்பனைக் காட்டுக்கு நடுவே, தகரக் கூரை போட்ட எடைக்குடிலில், போன் லைனே விட்டுவிட்டு வரும் இடத்தில், ஜிகாபைட் கணக்கில் எதை இறக்குவது? 2018இல் பெர்லினில் நடந்த ஜேஎஸ்கான்ஃப் மாநாட்டில், நோட்டில் தான் வருந்தும் பத்து விஷயங்கள் என்ற தலைப்பில் ரயன் டாலே பேசினார். அதில் இந்த ஜிப்பும் ஒன்று. கேட்டபோது ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் ஆறுதலை வைத்து எடை போட முடியாது.

மாட்யூல் ஏறாத நாளில் என்ன ஆகும் என்பதுதான் முக்கியம். லோரி நிற்காது, பழமும் நிற்காது. வெட்டிய குலை காத்துக்கிடந்தால் எண்ணெயில் அமிலம் ஏறும். ஆகவே குடிலில் இருப்பவர் இண்டிகேட்டரில் தெரியும் எண்ணைக் கண்ணால் பார்த்துக் கையால் தட்டுவார். எங்கள் நிரலில் அதற்கென்று ஒரு பெட்டி இருந்தது. அங்கே கிராணி திரும்ப வந்துவிடுகிறார். அவர் நல்லவராகவே இருக்கலாம். சிறுதோட்டக்காரருக்கு அது எப்படித் தெரியும்?

“என்னா தம்பி, மறுபடி ரோசாக்கா? பின்னால பன்னெண்டு லோரி நிக்குதுப்பா” என்று குடிலில் இருந்த அண்ணன் போன் செய்யும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெட்டிதான் கண்ணில் வரும்.

எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் ஒரு சி++ மாட்யூலை விட்டுப் போயிருந்தார். திறமைசாலி, நிரல் படிக்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் சில நாள் பிற்பகலில், லோரி அதிகமாக வரும் நேரமாகப் பார்த்து, எந்தச் செய்தியும் சொல்லாமல் மொத்த நிரலும் விழும். காரணம் இதுதான். ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் ஒரு பஃபரை, அதாவது கொஞ்சம் நினைவகத்தை, ஒதுக்கி மாட்யூலுக்குக் கொடுக்கும். மாட்யூல் அதன் முகவரியை மட்டும் குறித்துவைத்துக்கொண்டு, தனி இழையில், திரெட் என்பார்கள், சீரியல் போர்ட்டிலிருந்து வருவதை அதில் எழுதும். வி8இல் குப்பை அள்ளும் ஏற்பாடு ஒன்று உண்டு. யாரும் பயன்படுத்தாத நினைவகத்தை அவ்வப்போது அது திரும்ப எடுத்துக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்ட் அந்தப் பஃபரை விட்டுவிட்டதென்றால் வி8 அதை எடுத்து வேறு எதற்காவது கொடுத்துவிடும். மாட்யூலுக்கு அது தெரியாது. பழைய முகவரியிலேயே எழுதிக்கொண்டிருக்கும். வேலை குறைவான நாளில் குப்பை அள்ளுவதும் குறைவு, நிரல் ஓடிவிடும். லோரி கூடினால் பொருள்கள் கூடும், அள்ளுவதும் கூடும், விழும். சி++ கம்பைலர் இதற்கு ஒரு எச்சரிக்கைகூடத் தராது.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பிகேபி என்றால் மலேசியர் யாருக்கும் விளக்க வேண்டாம். தாமான் வீட்டின் சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துக்கொண்டு ரஸ்ட் படிக்க உட்கார்ந்தேன். கிரேடன் ஹோர் தொடங்கி, மொஸில்லா வளர்த்து, 2015 மே மாதம் முதல் நிலையான பதிப்பு வந்த மொழி. குப்பை அள்ளும் ஏற்பாடு அதில் கிடையாது. நினைவகத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே ஒரு உரிமையாளர். மற்றவர்கள் கடனாக வாங்கிப் பார்க்கலாம். உரிமையாளர் போன பிறகு கடன் நீடிக்கக்கூடாது. இவ்வளவையும் நிரல் ஓடுவதற்கு முன்பே கம்பைலர் சரிபார்த்துவிடும். முதல் சில வாரங்கள் அது என்னோடு மல்லுக்கட்டியது என்றுதான் சொல்வேன். தமிழ்ப்பள்ளியில் எங்களுக்குக் கணக்குச் சொல்லித்தந்த ஆசிரியரும் அப்படித்தான், விடை சரியாக இருந்தாலும் வழிமுறை எழுதவில்லை என்றால் மதிப்பெண் கிடையாது.

நோட் பக்கமும் இதற்குள் நிலைமை மாறியிருந்தது. 2017இல் நோட் 8இல் சோதனையாக வந்து, நோட் 10இல் நிலைபெற்ற என்-ஏபிஐ என்ற இடைமுகம், வி8ஐ மறைத்து அதன் முன்னால் நிற்கிறது. சி மொழியில் சில ஃபங்ஷன்கள், அவ்வளவுதான். உள்ளே வி8 எப்படி மாறினாலும் அந்த ஃபங்ஷன்கள் மாறா. ஒரு தடவை கட்டிய மாட்யூல் அடுத்தடுத்த நோட் பதிப்புகளிலும் அப்படியே ஏறும். சி பேசும் எதனோடும் ரஸ்டால் பேச முடியும். 2015இலேயே டேவ் ஹெர்மன் தொடங்கிய நியான் இருந்தது. லாங் யினான் எழுதிய நாப்பி-ஆர்எஸ் வளர்ந்துகொண்டிருந்தது. நான் இரண்டையும் முயன்று பார்த்துவிட்டு நாப்பி-ஆர்எஸ்ஸை எடுத்துக்கொண்டேன். ஆட்ரிபியூட் எனப்படும் பண்புக்குறியாக ஒரு வரியை ஃபங்ஷனின் தலையில் போட்டால் அது ஜாவாஸ்கிரிப்டில் தெரியும் என்ற எளிமைக்காக.

தவுக்கேயிடம் அனுமதி கேட்டபோது அவர் கேட்டது, வேகம் எத்தனை மடங்கு கூடும் என்று. ரஸ்ட் என்றாலே வேகம் என்று எங்கோ படித்திருந்தார். நியாயமான கேள்வி, எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுக் காட்டினேன். சீரியல் கேபிளின் வேகம் 9600 பாட். ஒரு எழுத்துக்குத் தொடக்க, முடிவுக் குறிகளையும் சேர்த்துப் பத்து பிட். ஆக நொடிக்கு 960 எழுத்து. ஒரு வரி 18 எழுத்து என்றால் நொடிக்கு ஐம்பத்து மூன்று வரிதான் முழுதாகத் தேறும். இதைப் படிக்க ஜாவாஸ்கிரிப்டே ஏராளம். வேகம் ஒரு மடங்குகூடக் கூடாது என்றேன். அப்படியானால் எதற்கு என்றார். விழாது, மறுபடி கட்ட வேண்டியிருக்காது என்றேன். அவர் அதைக் குறைவான இலாபமாகத்தான் எடுத்துக்கொண்டார் என்று முகத்தில் தெரிந்தது. ஆனாலும் சரி என்றார்.

பழைய சி++ வடிவத்தையே முதலில் ரஸ்டில் எழுதிப் பார்த்தேன், வேண்டுமென்றே. ஜாவாஸ்கிரிப்ட் தந்த பஃபரை அப்படியே எடுத்துப் புது இழைக்குள் கொண்டுபோகும்படி எழுதினேன். கம்பைலர் மறுத்துவிட்டது. இந்த வகைப் பொருளை ஓர் இழையிலிருந்து இன்னொன்றுக்குப் பாதுகாப்பாக அனுப்ப முடியாது, எந்த வரியில் அனுப்பப் பார்க்கிறாய், ஏன் முடியாது என்று அம்புக்குறி போட்டுக் காட்டியது. செம்பனைக் காட்டில் பிற்பகல் மூன்று மணிக்கு விழ வேண்டியது என் சாப்பாட்டு மேசையில் கம்பைல் ஆகாமல் நின்றது. ரஸ்ட் பற்றிச் சொல்லப்படும் நூறு புகழுரைகளில் எனக்கு இந்த ஒன்று போதும்.

அதன்பின் வடிவம் தானாக அமைந்தது. போர்ட்டைத் திறந்து படிப்பது ஒரு தனி ரஸ்ட் இழை. அது படிக்கும் எழுத்துகள் அதற்கே சொந்தமான நினைவகத்தில் சேரும். கேபிளில் வரி முழுதாக வராது. பாதி எண் இப்போது, மீதி அடுத்த தடவை என்று துண்டுதுண்டாக வரும். முடிவுக் குறி வரும்வரை சேர்த்துவைத்து, வரியைப் பிரித்து, நிலைத்த எடையா என்று பார்ப்பதும் அங்கேயே. எடை மாறினாலோ நிலை மாறினாலோ மட்டும் ஜாவாஸ்கிரிப்டுக்கு ஒரு செய்தி. நேராகக் கூப்பிட முடியாது. ஜாவாஸ்கிரிப்ட் மதிப்புகளை அதன் பிரதான இழை மட்டுமே தொடலாம். இழைப் பாதுகாப்புள்ள ஃபங்ஷன் என்று என்-ஏபிஐ ஒன்று தருகிறது. வேறு இழையிலிருந்து அதில் செய்தியைப் போட்டால் வரிசையில் நிற்கும், பிரதான இழை தன் முறை வரும்போது எடுத்துக்கொள்ளும். அதற்கு ஒரு குணம் உண்டு: அது உயிரோடு இருக்கும்வரை நோட் தன்னை மூடிக்கொள்ளாது. நிரலை மூடியும் விண்டோஸ் பட்டியலில் நோட் ஓடிக்கொண்டிருப்பதாக யாராவது சொன்னால், அதன் பிடியைத் தளர்த்தும் அன்ரெஃப் அழைப்பு விட்டுப்போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ரஸ்டால் எல்லாம் காப்பாற்றப்படும் என்று நினைத்துவிடக்கூடாது. என்-ஏபிஐயின் ஒவ்வொரு அழைப்பும் உள்ளே ‘அன்சேஃப்’ தான். அங்கே கம்பைலர் கண்ணை மூடிக்கொள்கிறது, நூலகம் எழுதியவரை நம்புகிறோம். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. நெகிரியில் பிற்பகல் இடிமழை தெரிந்ததுதான். மின்சாரம் ஒரு கணம் போய்வந்தால் யூஎஸ்பி மாற்றி துண்டித்துக்கொள்ளும், படிக்கும் அழைப்பு பிழை தரும். அந்த இடத்தில் பிழையைக் கையாளாமல் அன்ராப் என்று எழுதியிருந்தால் ரஸ்ட் அந்த இழையை மட்டும் கொன்றுவிடும். நோட் விழாது. நிரல் ஓடும், பொத்தான்கள் வேலை செய்யும், திரையில் கடைசியாக வந்த எடை அப்படியே நிற்கும். அடுத்த லோரி மேடையில் ஏறினாலும் முந்தின லோரியின் எண்! மொத்தமாக விழுவது இதைவிட எவ்வளவோ நல்லது. ஆகவே அந்த இழையில் அன்ராப் கூடாது என்று வைத்தேன். பிழை வந்தால் அதுவும் ஒரு செய்தியாக ஜாவாஸ்கிரிப்டுக்குப் போகும். கூடவே, இண்டிகேட்டர் உயிரோடிருக்கிறது என்பதற்கு ஒவ்வொரு நொடியும் ஒரு துடிப்பு. இரண்டு நொடி துடிப்பு வராவிட்டால் திரை எடையை அழித்துவிட்டுச் சிவப்பாகும். சிவப்பைப் பார்த்தால் குடிலில் இருக்கும் அண்ணன் கேபிளைப் பிடுங்கிச் செருகுவார். அதற்கு என்னைக் கூப்பிட வேண்டியதில்லை.

கட்டிய கோப்பைக் குடிலுக்குக் கொண்டுபோனது யூஎஸ்பி குச்சியில். பைத்தான் இல்லை, கம்பைலர் இல்லை, ஒரே கோப்பு. 32 பிட் விண்டோஸ் 7 கணினிகளுக்கு ஒன்று, 64 பிட்டுக்கு ஒன்று என்று அலுவலகத்திலேயே இரண்டாகக் கட்டிவைத்தேன். விண்டோஸ் 7 நெடுநாள் தொல்லை கொடுத்தது. நோட் 14 அதைக் கைவிட்டது. 2024இல் வந்த ரஸ்ட் 1.78இலிருந்து ரஸ்டும் கைவிட்டது. அந்தக் குடில்களில் நோட் 12ஓடு நிறுத்தி வைத்தோம். எடைக்குடில் கணினியை மாற்றச் சொன்னால் ஆலைக்காரர்கள் லோரி டயரைப் பற்றிப் பேசுவார்கள்.

பிறகு கோயில் வேலை ஒன்று வந்தது. செனாவாங் பக்கத்து அம்மன் கோயில் ஒன்றின் பொருளாளர், அர்ச்சனை ரசீதில் பெயரும் நட்சத்திரமும் தமிழில் வர வேண்டும் என்றார். ரோமன் எழுத்தில் அச்சிட்டால் வள்ளியும் வல்லியும் ஒன்றாகிவிடுகிறார்கள். குருக்கள் ஒவ்வொருவரையும் நிமிர்ந்து பார்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. ஆடி மாத வெள்ளியில் அதற்கு நேரம் ஏது?

சின்ன வேலை போலத் தெரியும். சூட்டுத்தாள் பிரிண்டரில் தமிழ் எழுத்துரு கிடையாது. படமாக வரைந்துதான் அனுப்ப வேண்டும். படம் வரைய எழுத்துகளைக் கோக்கத் தெரிய வேண்டும். ‘ரோகிணி’ என்பது கணினிக்குள் ஆறு குறிகள்: ர, ஓகாரக் குறி, க, இகரக் குறி, ண, இகரக் குறி. அச்சில் ஓகாரக் குறி இரண்டாகப் பிரிந்து பாதி ரகரத்துக்கு முன்னால் போக வேண்டும், பாதி பின்னால் நிற்க வேண்டும். குரோம் போன்ற உலாவிகளுக்குள் இதை ஹார்ப்பஸ் என்ற நூலகம் செய்கிறது. நோட்டுக்குள் அது இல்லை. சரத்தை, அதாவது எழுத்துத் தொடரை, பற்றி வி8க்கு எல்லாம் தெரியும், அது எப்படித் தோன்றும் என்பதைத் தவிர. இந்த இடத்தில் முத்து நெடுமாறனை நினைக்காமல் இருக்க முடியாது. 1980களிலேயே முரசு அஞ்சலை உருவாக்கி, பின்னாளில் ஆப்பிள் கணினிகளுக்கு இணைமதி போன்ற எழுத்துருக்களைத் தந்தவர் ஒரு மலேசியர். நமக்கு எழுத்து வந்துவிட்டது. அதை ரசீதில் இறக்குவதுதான் பாக்கி.

ஹார்ப்பஸை ரஸ்டுக்குப் பெயர்த்த ரஸ்டிபஸ் இருந்தது, நோட்டோ தமிழ் எழுத்துரு இருந்தது. எங்களோடிருந்த தம்பி ஒருவர் ஆர்வமாக உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்துக்கும் ரஸ்டைக் கூப்பிட்டு உருவத்தை வாங்கி, ஜாவாஸ்கிரிப்டில் படத்தை அடுக்கினார். வேலை செய்தது; ஆனால் ஜாவாஸ்கிரிப்டிலேயே எழுதியதைவிட அவ்வளவாக வேகமில்லை. “என்னண்ணே, ரஸ்டு மெதுவா?” என்றார். ரஸ்ட் மெதுவில்லை, எல்லை தாண்டுவதுதான் செலவு. ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷன்களை வி8 ஒன்றுக்குள் ஒன்று கரைத்து வேகமாக்கும். நேட்டிவ் அழைப்புக்குள் அதனால் எட்டிப்பார்க்க முடியாது. சரத்தை அனுப்பினால் இன்னும் செலவு. வி8 ‘ரோகிணி’யை யுடிஎஃப்-16இல் 12 பைட்டாக வைத்திருக்கும், ரஸ்டுக்கு யுடிஎஃப்-8இல் 18 பைட்டாக வேண்டும், ஒவ்வொரு தடவையும் மாற்றி, நகலெடுத்து, தூக்கி எறிய வேண்டும்.

வடிவத்தைத் திருப்பிப் போட்டோம். முழு ரசீதும் ஒரே சரமாக உள்ளே போகும். முழுப் படமும் ஒரே பஃபராக வெளியே வரும். 80 மில்லிமீட்டர் தாளில் ஒரு புள்ளிவரிக்கு 576 புள்ளி, அதாவது 72 பைட். ஐந்நூறு புள்ளிவரி ரசீது 36,000 பைட். நடுவில் எத்தனை ஆயிரம் கணக்கு நடந்தாலும் எல்லையை ஒரு தடவை போய் ஒரு தடவை வருவதோடு சரி. வரிசை குறைந்தது, குருக்களும் நிமிர்ந்து பார்ப்பதை விட்டார்.

பின்னால் அந்த மாட்யூலை நேட்டிவாக வைத்திருப்பதையே நிறுத்திவிட்டேன். அது எந்தக் கருவியையும் தொடவில்லை; சரம் போகிறது, படம் வருகிறது. அதற்கு, ஒரே கோப்பாக எல்லாக் கணினியிலும் ஓடும் வெப்அசெம்பிளி போதும். ரஸ்ட் நிரல் அதேதான், இலக்கையும் மேல்பூச்சையும் மட்டும் மாற்றிக் கட்டினேன். விண்டோஸுக்கு ஒன்று, லினக்ஸுக்கு ஒன்று, ஆர்ம் சில்லுக்கு ஒன்று என்ற தொல்லை போயிற்று. கொஞ்சம் வேகம் குறைந்திருக்கலாம். வரிசையில் நிற்கும் பக்தர்கள் யாரும் புகார் சொல்லவில்லை. அதே கோயிலின் பழைய உறுப்பினர் பட்டியல் டிஸ்கி எழுத்துமுறையில் கிடந்தது. அதில் ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னாலேயே சேமிக்கப்பட்டிருக்கும், யூனிகோடில் பின்னால். இதையும் ரஸ்டில் எழுதலாமா என்று தம்பி கேட்டார். ஒரு அட்டவணையும் நாற்பது வரி ஜாவாஸ்கிரிப்டும் போதும் என்று சொல்லி அவரைப் பசியாற அனுப்பினேன்.

ரஸ்டில் நேட்டிவ் மாட்யூல் எழுதுவது இப்போது நாகரிகம். ஜாவாஸ்கிரிப்ட் உலகத்தின் கட்டும் கருவிகள் பலவும் ரஸ்டுக்கு மாறிவிட்டன, 2021இல் நெக்ஸ்ட்.ஜேஎஸ் 12 தன் கம்பைலரை ரஸ்டில் எழுதிய எஸ்டபிள்யூசிக்கு மாற்றியது. அங்கே அது பொருந்தும்: ஒரு முழுக் கோப்பு உள்ளே போகிறது, ஒரு முழுக் கோப்பு வெளியே வருகிறது. அதைப் பார்த்து, கூட்டல் கழித்தலையெல்லாம் ரஸ்டில் எழுதி நோட்டில் ஏற்றும் இளைஞர்களை நேர்முகத் தேர்வுகளில் பார்க்கிறேன். என் அனுபவத்தில் நேட்டிவ் மாட்யூலுக்கு ஒரே உறுதியான காரணம், ஜாவாஸ்கிரிப்டின் கைக்கு எட்டாத ஒன்றைத் தொட வேண்டியிருப்பது: ஒரு போர்ட், ஒரு கருவி, இயங்குதளத்தின் ஒரு மூலை. வேகத்துக்காக என்றால் முதலில் நோட்டின் சொந்த ப்ரொஃபைலரில் எங்கே நேரம் போகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது தரவுதளக் கேள்வியாகத்தான் இருக்கும்.

எழுதிப் பழக விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். நாப்பி-ஆர்எஸ்ஸின் கட்டளைக்கருவி வெறும் திட்டம் ஒன்றைத் தானே உருவாக்கித் தரும், அதில் தொடங்குங்கள். எங்காவது மலிவாக ஒரு யூஎஸ்பி-சீரியல் கேபிள் வாங்கி, அதன் ஒன்பது ஊசி முனையில் இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒரு கம்பியால் இணைத்துவிடுங்கள். அனுப்பும் ஊசியும் பெறும் ஊசியும் அவைதான். நீங்கள் அனுப்பியது அப்படியே உங்களுக்குத் திரும்ப வரும். எஸ்டி, யூஎஸ் என்று நீங்களே வரிகளை அனுப்பி, நடுவில் கேபிளைப் பிடுங்கி, லோரியும் எடைமேடையும் இல்லாமலே எல்லாவற்றையும் வீட்டில் சோதித்துவிடலாம்.